உமியும் தவிடும்

கூண்டைத் திறந்துவிட்டால் கோழிக்கு விடுதலை கிடைத்துவிடும் என்று நம்புகிற நல்லவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அவர்கள் நல்லவர்கள் என்பதில் சந்தேகமில்லை. அதனால்தான் சண்டை போடத் தோன்றுகிறது. ஈரமில்லாத நெஞ்சோடு வாதாடி என்ன பயன்? ஈரம் இருக்கிறது, ஆனால் அந்த ஈரம் கோழியின் கால்மாட்டில் தேங்கி அதைக் கொல்கிறது என்றால், சொல்லத்தானே வேண்டும்?

விஷயம் இதுதான். நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் வளரும் வெள்ளைக் கோழி, பிறந்து ஏறக்குறைய 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. ஆண்டுக்கு 300 முட்டைக்குக் குறையாமல் இடுகிறது. 72 வாரம், 80 வாரம் என்று வயது ஏறியதும் முதலாளி கணக்குப் பார்க்கிறார். தின்கிற தீனிக்கு ஈடாக முட்டை வரவில்லையென்றால் மொத்தமாகப் பிடித்துக் கிலோக் கணக்கில் விற்றுவிடுகிறார். தினசரியில் கறிக்கோழி விலைக்குப் பக்கத்திலேயே 'முட்டைக் கோழி கிலோ இன்ன விலை' என்று ஒரு வரி வருகிறதல்லவா, அது இந்தக் கோழிகளைப் பற்றிய மரணச் செய்தி. நாம் அதைத் தாண்டித் தங்கத்தின் விலைக்குப் போய்விடுகிறோம்.

அதுவரை அந்தக் கோழி வாழ்ந்தது கம்பிக் கூண்டில். ஒரு கோழிக்குப் பெரும்பாலும் 450 சதுர சென்டிமீட்டர் இடம். நீங்கள் விண்ணப்பம் எழுதுகிற ஏ-4 தாள் 620 சதுர சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 2017-இல் நம் நாட்டுச் சட்ட ஆணையம் தன் 269-ஆவது அறிக்கையை இந்தக் கோழிகளின் நிலையைப் பற்றித்தான் எழுதியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 ஜனவரியோடு இந்த மாதிரி வெறுங்கூண்டுக்குத் தடை வந்துவிட்டது. ஆகவே, கூண்டைக் கண்டு கொதிக்கிறவர்களை நான் கேலி செய்யவில்லை. கொதிக்க வேண்டிய விஷயம்தான்.

கொதித்தவர்களில் சிலர் ஒரு காரியம் செய்கிறார்கள். கழித்துக் கட்டிய கோழிகளில் பத்தோ இருபதோ விலை கொடுத்து வாங்கி 'மீட்டு' விடுகிறார்கள். மீட்டபின் எங்கே வைப்பது? சென்னையில் அடுக்குமாடி வீட்டில் துளசித் தொட்டி வைக்கவே சங்கத்தின் அனுமதி வேண்டும். ஆகவே கிராமத்தைத் தேடுகிறார்கள். சென்னைக்கு வடக்கே 60 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. ஏரி இருக்கிறது, கடல் இருக்கிறது, பூநாரை வருகிறது, டச்சுக்காரர்களின் பழைய கல்லறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்வர வாகான இடம். அங்கே ஏதாவது ஒரு குப்பத்தில், 'அம்மா, இந்தக் கோழிகளை நீங்கள் காப்பாற்றுங்கள்' என்று ஒரு மீனவப் பெண்ணின் கையில் ஒப்படைக்கிறார்கள். புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குச் சென்னை திரும்பிவிடுகிறார்கள்.

அப்படிக் கோழி வாங்கிக்கொண்ட ஓர் அம்மாளை நான் அறிவேன். ஊர்ப் பெயரும் வேண்டாம், கொடுத்தவர்களின் பெயரும் வேண்டாம். அந்த அம்மாள் என்னிடம் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"பன்னெண்டு கோழி குடுத்தாங்க சார். கறிக்குப் போடக் கூடாதுன்னு சொன்னாங்க. விக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. இன்னா போடணும்னு மட்டும் யாரும் சொல்லல."

ஐப்பசி மழை முடிவதற்குள் அந்தப் பன்னிரண்டில் ஐந்து செத்துப்போயின. கொடுத்தவர்களுக்குத் தகவல் போயிற்று. 'கிராமத்துக்காரர்களுக்கு அக்கறை போதவில்லை' என்று அவர்களில் ஒருவர் வருத்தப்பட்டாராம். இதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுதுவது என்று தீர்மானித்தேன்.

அக்கறை என்பது என்ன? கோழிக்குச் செய்கிற அக்கறைக்கு இரண்டே உருவம்தான் உண்டு. ஒன்று அதன் அலகுக்கு முன்னே இருப்பது. மற்றொன்று அதன் காலுக்குக் கீழே இருப்பது. தீனி, படுக்கை. மற்றதெல்லாம் நம்முடைய மனத் திருப்தி. அந்தக் கோழிகளோடு வந்த மூட்டைகளை நான் பார்த்தேன். ஒரு மூட்டை கறிக்கோழித் தீவனம். முட்டைக் கோழிக்கு உரியதே அல்ல. இன்னொன்று 'படுக்கைக்கு' என்று சொல்லி வந்தது. பிரித்தால் அரிசித் தவிடு. உமிக்கும் தவிட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் உயிரைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறார்கள்! உமி நெல்லின் மேல்தோல், அது படுக்கை. தவிடு அரிசியைத் தீட்டும்போது உதிர்வது, அது உணவு. தவிட்டைத் தரையில் பரப்பினால் ஏரிக் காற்று பட்டு இரண்டு நாளில் களியாகும், பிறகு பச்சை பூக்கும், பிறகு அதையே கோழி தின்னும். நெல் விளைகிற நாட்டில் பிறந்து, மூன்று வேளையும் சோறு தின்கிற நமக்கு இது தெரியவில்லை என்றால், படித்த படிப்பைப் பற்றி அதிகம் பேசாமலிருப்பது உத்தமம்.

இங்கே ஒருவர் எழுந்து நிற்பார் என்பது எனக்குத் தெரியும். "என்ன ஐயா பிரமாதப்படுத்துகிறீர்! குப்பத்தில் நாட்டுக்கோழி இல்லையா? அதற்கு யார் தீனி போடுகிறார்கள், யார் மெத்தை விரிக்கிறார்கள்? குப்பையைக் கிளறித் தின்றுவிட்டு வேலியோரம் படுத்துக்கொள்ளவில்லையா?" என்பார்.

நல்ல கேள்வி. நாட்டுக்கோழி பதினைந்து முட்டை இடும், அடை காக்கும், குஞ்சோடு திரியும்; மறுபடி முட்டையிட மாதக் கணக்கு ஆகும். அதன் உடம்புக்கு ஓய்வு உண்டு. பண்ணைக் கோழி அப்படியல்ல. மனிதன் அதன் வம்சத்தையே முட்டை இயந்திரமாகத் திருத்தி வைத்துவிட்டான். கூண்டைத் திறந்துவிட்ட செய்தி அதன் கருப்பைக்குத் தெரியாது. அது இட்டுக்கொண்டேயிருக்கும். ஒரு முட்டை ஓட்டில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து மட்டும் சுமார் 2 கிராம். தின்றதெல்லாம் உடம்பில் ஒட்டாது என்பதால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 கிராம் தீனியில் இருந்தாக வேண்டும். தீனியில் இல்லாவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு செய்கிறது. ஏற்கெனவே நடமாட்டமில்லாமல் கிடந்த எலும்பு. பிரிட்டனில் 1989-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கூண்டிலிருந்து பிடித்து அறுப்புக்கூடம் கொண்டு சேர்ப்பதற்குள் 100-க்கு 29 கோழிகளுக்கு எலும்பு முறிந்திருந்ததாகக் கண்டார்கள். இந்தக் கோழியைத்தான் 'கிளறித் தின்று பிழைத்துக்கொள்' என்று மணலில் விடுகிறோம்.

கிளறுவதற்கும் அதற்கு வழியில்லை. கூண்டில் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமலிருக்க, குஞ்சாக இருக்கும்போதே அலகின் நுனியைச் சுட்டுத் தீய்த்துவிடுகிறார்கள். மொட்டை அலகால் தரையில் கிடக்கும் ஒற்றைத் தானியத்தைப் பொறுக்க முடியாது. ஆகவே பெருந்தன்மையோடு முற்றத்தில் அரிசியை வாரி இறைக்கிறவர் உண்மையில் தமக்குத்தான் இறைத்துக்கொள்கிறார். குருவிக்கும் காக்கைக்கும் லாபம். ஆழமான மண் சட்டியில், கோழி அலகைப் புதைத்து அள்ளும்படி தீனி வைக்க வேண்டும். தண்ணீரும் அப்படியே. பிறந்தது முதல் குழாய் நுனியைக் கொத்திச் சொட்டுச் சொட்டாகக் குடித்த பிராணி, சட்டித் தண்ணீரைக் கண்டால் அது என்னவென்று தெரியாமல் நிற்கும். முதல் நாள் ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தொட்டுக் காட்ட வேண்டும். பன்னிரண்டு கோழிக்கும் பொறுமையாக இதைச் செய்ததாக அந்த அம்மாள் சொன்னார். அக்கறை போதவில்லையாம்!

தீனிக் கணக்குக்கு வருவோம். ஒரு முட்டைக் கோழி நாளுக்கு 110 கிராமுக்குக் குறையாமல் தின்னும். பன்னிரண்டு கோழிக்கு 1 கிலோ 300 கிராம். மாதம் 40 கிலோ. 50 கிலோ மூட்டை ஒன்று ஐந்தரை வாரத்துக்கு வரும். அதற்குப் பிறகு? கொடுத்தவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. மூட்டை தீர்ந்த மறுநாள் அந்த வீட்டில் இருந்ததை வைத்துத்தானே அந்த அம்மாள் சமாளிக்க வேண்டும்? இருந்தது ரேஷன் அரிசி, கருவாடு.

கருவாடு என்றதும் நம்மில் பலர், 'ஆகா, புரதச் சத்து!' என்று மகிழ்வோம். மகிழுங்கள், ஆனால் உப்பை மறந்துவிடாதீர்கள். கோழியின் தீனியில் உப்பு 100-க்கு அரைப் பங்கைத் தாண்டக் கூடாது. நாளுக்கு அரைக் கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். உப்புப் போட்டு உணக்கிய கருவாட்டில் பத்துக் கிராம் துண்டிலேயே ஒரு கிராம் உப்புக்கு மேல் இருக்கும். தின்ற கோழி தண்ணீர் தண்ணீர் என்று தவிக்கும், நீராகக் கழியும், வயிற்றில் நீர் கோத்துச் சாகும். அந்தத் தவிப்புக்கு அது குடிக்கிற தண்ணீர் எது? ஏரிக்கரையில் தோண்டிய கிணற்று நீர் உவர்ப்பு. குடும்பமே குழாய்த் தண்ணீருக்கும் லாரித் தண்ணீருக்கும் குடம் வைத்துக் காத்திருக்கையில், கோழிக்கு எந்தத் தண்ணீர் போகும் என்று கேட்கவும் வேண்டுமா? தின்றதைப் போல் இரண்டு மடங்கு நீர், அதாவது கால் லிட்டர், ஒவ்வொரு கோழிக்கும் நல்ல தண்ணீராக வேண்டும். வெயில் நாளில் இன்னும் ஜாஸ்தி. பன்னிரண்டு கோழிக்கு நாள்தோறும் 3 லிட்டர் நல்ல தண்ணீர் என்பது அந்தக் கரையில் சாதாரண தானமல்ல.

வேடிக்கை என்னவென்றால், கோழிக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கரையிலேயே இருக்கிறது. காரப்பொடி என்று சொல்கிற சின்ன மீன் வலையில் கூடை கூடையாக வரும், விலை போகாது. உப்பே போடாமல் வெறும் வெயிலில் உணக்கினால் அதைவிட உயர்ந்த கோழித்தீனி இல்லை. சென்னாக்குன்னியும் அப்படித்தான். இறால் தலையை வேகவைத்து உலர்த்தி இடித்தால் அதுவும் ஆகும். ஆனால் மணலில் பரப்பி உலர்த்தக் கூடாது. ஓலைப் பாயிலோ பழைய வலையை இழுத்துக் கட்டியோ உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் எடையில் பாதி மணலாக இருக்கும். இவ்வளவு நல்ல பண்டம் எங்கே போகிறது தெரியுமோ? தமிழ்நாட்டுக் கரையெங்கும் கழிவு மீனை மூட்டை கட்டி மீன்தூள் ஆலைக்கும் தீவன ஆலைக்கும் அனுப்புகிறார்கள். அங்கிருந்து அது கூண்டுக் கோழியின் தொட்டிக்குப் போகிறது. கூண்டில் இருக்கும்வரை கரையோரத்து மீனைத் தின்ற கோழி, அந்தக் கரைக்கே வந்து சேர்ந்தபின் ரேஷன் அரிசி தின்கிறது. கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று நீங்களே கடிதம் போடுவீர்கள்.

மீனை அளவோடு போட வேண்டும். தீனியில் 100-க்கு ஐந்து முதல் பத்துப் பங்குக்குள். அதற்கு மேல் போனால் முட்டை மீன் வாடை அடிக்கும். பழுப்பு முட்டையிடுகிற சில வகைக் கோழிகளுக்கு இது பரம்பரைக் கோளாறு; கொஞ்சம் மீனுக்கே வாடை வந்துவிடும். முக்கியமாக, அழுகிய மீன் ஆகவே ஆகாது. மீன் குடலும் தலையும் கொட்டிக் கிடக்கிற குவியலில் புழு நெளியும். கோழிக்கு அது விருந்து. ஆனால் அழுகலில் ஊறும் நஞ்சு அந்தப் புழுவிலும் இருக்கும். தின்ற கோழிக்குக் கழுத்து துவண்டு, தலை தூக்க முடியாமல் தரையில் சாயும். பார்த்தவர்கள் பேய் அடித்தது என்பார்கள். பேயல்ல, நேற்றைய மீன்.

புண்ணாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலைப் புண்ணாக்கு சத்துள்ளதுதான். ஆனால் காற்றிலே எந்நேரமும் ஈரம் இருக்கிற ஏரிக்கரையில் அது பூஞ்சை பிடிக்க அதிக நாள் வேண்டாம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. என்ன நோய் என்று தெரியாமல் திகைத்து, கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூத்த பூஞ்சையின் நஞ்சு என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளடாக்ஸின் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்த நஞ்சு உலகத்துக்கு அறிமுகமானது இப்படித்தான். ஆகவே பெருந்தன்மையோடு ஒரே தடவையில் ஆறு மாதத்துக்குப் புண்ணாக்கு வாங்கிப் போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை வாங்கி, மூடியுள்ள தகர டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். தவிடும் அப்படியே, எண்ணெய் எடுக்காத தவிடு சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும்.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு வாரம் பண்ணையில் தின்ற அதே முட்டைக் கோழித் தூள் தீவனத்தையே கொடுக்க வேண்டும். பிறகு மெல்ல மெல்லக் கம்பு, உடைத்த மக்காச்சோளம், நொய் இவற்றில் பாதிப் பங்கு. மீதியில் தவிடு, புண்ணாக்கு, உப்பில்லாத மீன்தூள், கொஞ்சம் முருங்கை இலை என்று மாற்றிக்கொண்டு போகலாம். கூண்டிலிருந்து வந்த அன்றே, 'இயற்கை உணவு' என்று கீரையும் பழமும் கொட்டுகிறார்களே, அது உபவாசம் இருந்தவனுக்குக் கல்யாண விருந்து போடுகிற கதை.

சுண்ணாம்புச் சத்துக்குத் தவிக்க வேண்டாம்; பழவேற்காட்டில் கிளிஞ்சலுக்கா பஞ்சம்? ஒரு காலத்தில் சென்னை மாளிகைகளின் சுவரைச் சலவைக் கல்லைப் போல் மின்ன வைத்தது கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாந்துதான். கிளிஞ்சலைப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, காய வைத்து, உரலில் துவரம்பருப்பு அளவுக்கு இடித்துத் தனிச் சட்டியில் வைத்தால் போதும். தீனியோடு கலக்கக் கூடாது. எந்தக் கோழிக்கு எவ்வளவு வேண்டுமோ அதுவே எடுத்துக்கொள்ளும். முட்டையிடாத கோழி அந்தச் சட்டியைத் திரும்பியும் பார்க்காது. மனிதர்களில் இவ்வளவு அடக்கம் உள்ளவர்களை நான் பந்தியில் பார்த்ததில்லை. ஆனால் 'சுண்ணாம்பு' என்று சொன்னதை வைத்துக்கொண்டு சுட்ட சுண்ணாம்பைக் கொட்டிவிடாதீர்கள், குடல் வெந்துபோகும்.

இனிப் படுக்கை. தீனியைப் பற்றியாவது பேசுகிறவர்கள் உண்டு. படுக்கையைப் பற்றிப் பேசினால் சிரிக்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து கோழிகளில் மூன்று, நான் கேட்டறிந்தவரையில், படுக்கையால்தான் செத்தன. கூண்டிலிருந்து வருகிற கோழிக்கு மார்பில் சிறகு இருக்காது. நகம் வளைந்து நீண்டிருக்கும். பரணில் ஏறி உட்காரத் தெரியாது, ஏறினாலும் இறங்கும்போது கால் முறியும். ஆகவே இரவு முழுவதும் வெறும் மார்பு தரையில் பட, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். கீழே ஈரம் இருந்தால் எச்சமும் ஈரமும் சேர்ந்து காரம் கிளம்பும். நெஞ்சு வெந்து புண்ணாகும். கண் எரிந்து மூடும். ஈரத்திலே ரத்தக் கழிச்சல் கிருமி செழித்து வளரும். நாம் நின்றுகொண்டு மோந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மண்டியிட்டு, கோழியின் மூக்கு இருக்கிற உயரத்துக்கு நம் மூக்கைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். கண்ணில் நீர் வந்தால் அந்த இடம் கோழிக்கு ஆகாது. கோழியைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பரீட்சையைச் செய்துபார்க்கலாம்.

அந்தக் கரைக்கு எது பொருத்தம்? கடல் மணல் கைக்கெட்டிய தூரத்தில் கிடக்கிறது. ஆனால் அலை நனைத்த மணலில் உப்பு இருக்கிறது, உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். தென்னை நார்த்தூள் தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். ரோஜாச் செடிக்கு அது அமிர்தம், மழைக்கால ஏரிக்கரையில் கோழிக்கு அது சேறு என்பது என் அபிப்பிராயம். வைக்கோல் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். அந்தத் தூசு கோழியின் நுரையீரலில் போய் முளைக்கும். படகு கட்டுகிற இடத்தில் இழைத்த தூளை முன்பு வாங்கி வந்ததுண்டு. இப்போது படகெல்லாம் ஃபைபர். அங்கே கிடைக்கிற தூள் கண்ணாடி இழை, அதைக் கோழி இருக்கும் திசைக்கே கொண்டு வரக் கூடாது. நைலான் வலைத் துண்டையும் விரிக்கக் கூடாது. நீண்ட நகம் அதில் சிக்கிக்கொண்டால் கோழி இரவெல்லாம் இழுத்துக் காலை ஒடித்துக்கொள்ளும்.

மிஞ்சுவது உமி. பொன்னேரி வயல் நெல்லின் உமி, செங்குன்றத்து அரிசி ஆலை உமி. அதோடு மணல்மேட்டுச் சவுக்குத் தோப்பில் உதிர்ந்து கிடக்கும் சருகைக் கொஞ்சம் கலந்தால் கட்டி தட்டாது. இரண்டு மூன்று அங்குலம் பரப்பித் தொடங்கி, மேலே மேலே போட்டு ஆறு அங்குலம் வரை ஏற்றலாம். வாரத்துக்கு இரண்டு முறை கிளறிவிட வேண்டும். ஆழ்கூளம் என்று கால்நடைத் துறையினர் சொல்வது இதுதான். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டை மாதிரி நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. அதை அள்ளிப் போட்டுவிட்டுப் புது உமி போட வேண்டும். அள்ளிப் போட்டதும் வீணாகாது. கத்தரித் தோட்டக்காரன் தேடி வந்து வாங்கிப் போவான். முட்டையிட ஒரு மூலை வேண்டுமென்றால் பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் முடைகிற பனை ஓலைக் கூடையில் உமி நிரப்பி வைத்தால் அதைவிட அழகான பிரசவ அறை வேறு கிடையாது. பேன் போகப் புரள்வதற்கு மட்டும், மேட்டிலிருந்து எடுத்த உலர்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு குழியில் போடலாம். அடுப்புச் சாம்பல் என்றால் விறகடுப்புச் சாம்பல். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துச் சாம்பலும் அந்தப் பக்கத்தில் ஏராளமாகக் கிடைக்கும். அதில் ஆர்செனிக் முதலான நஞ்சு உண்டு, அதைக் கோழியின் மேல் பூசி விடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை, சுருக்கமாக. தீனிச் சட்டியும் படுக்கையும் வலையடித்த கொட்டகைக்குள்ளேயே இருக்கட்டும். பூநாரையும் வாத்தும் வந்து இறங்குகிற ஏரி அது. பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் 2024 பிப்ரவரியில் பறவைக் காய்ச்சல் வந்தது. வெட்டவெளியில் இறைத்த தீனி விருந்தாளிகளை அழைக்கும்.

இவ்வளவையும் கண்டுபிடிக்க நான் அமெரிக்கா போகவில்லை. சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிற வழியிலேயே மாதவரத்தில், 1989-இல் தொடங்கிய கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கோழியோடு போகிற வண்டி அங்கே அரைமணி நேரம் நின்றால் போதும். பாதிப் பாடத்தை அந்தக் குப்பத்துப் பெண்களே சொல்லிக் கொடுப்பார்கள், கேட்டால். எந்த மீனில் எவ்வளவு உப்பு நிற்கும், எந்த மாதம் எந்தப் பக்கத்திலிருந்து சாரல் அடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியாததா? ஏரியைப் 'பாடு' பிரித்து, இன்று யார் எங்கே வலை போடுவது என்று முறை வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பங்கிட்டுத் தின்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு அக்கறையைப் பற்றி நாம் வகுப்பு நடத்துகிறோம்.

பிரிட்டனிலும் கூண்டுக் கோழியை மீட்கிற சங்கம் உண்டு. 2005-இல் தொடங்கி, இதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளுக்கு வீடு தேடிக் கொடுத்திருக்கிறது. அங்கே இப்படி வந்த கோழிக்கென்றே தனித் தீனி மூட்டையில் விற்கிறது. நம்மவர்கள் அந்த நாட்டு உணர்ச்சியை இறக்குமதி செய்துகொண்டார்கள். மூட்டையை அங்கேயே விட்டுவிட்டார்கள். அந்நிய நாட்டு உதாரணம் பிடிக்காது என்றால் வடலூருக்குப் போங்கள். ஜீவகாருண்யத்தைப் பற்றி நமக்குச் சொன்ன வள்ளலார் 1867-இல் முதலில் அடுப்பை மூட்டித் தருமசாலை திறந்தார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது.

'கறிக்குப் போடாதே, விற்காதே' என்று கட்டளையிட்டார்களே, அதைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். நாள் முழுவதும் மீன் அரிந்து குடும்பம் நடத்துகிற ஒரு பெண்ணிடம், முட்டையிடாத ஒரு பிராணியை ஆயுள் முழுவதும் சோறு போட்டு வைத்திரு என்று சொல்ல யாருக்கு உரிமை? சோற்றுக்குப் பணம் கொடுக்கிறவருக்கு உண்டு. அவருக்கு மட்டும்தான் உண்டு. மாதம் 40 கிலோ தீனி, நாலு மூட்டை உமி, நாளுக்கு 3 லிட்டர் நல்ல தண்ணீர் இவற்றின் செலவைத் தாம் ஏற்றுக்கொள்ளாமல், புண்ணியத்தை மட்டும் தாம் எடுத்துக்கொண்டு, பழியைக் குப்பத்தில் இறக்கிவிட்டு வருவதற்கு எந்தச் சாஸ்திரத்தில் இடமிருக்கிறது? பண்ணை முதலாளியாவது தன் கோழிக்குத் தீனி வாங்கிப் போட்டார்.

மீதியுள்ள ஏழு கோழிகளும் இப்போது சௌக்கியமாக இருக்கின்றன. அந்த அம்மாள் தானே கற்றுக்கொண்டு, காரப்பொடியை உப்பில்லாமல் உலர்த்திப் போடுகிறார். தரையிலிருந்து ஓரடி மேடு கட்டி, மேலே கீற்று வேய்ந்திருக்கிறார். இன்னொரு வண்டிக் கோழி வரப்போகிறதாம். வாங்கிக்கொள்வீர்களா என்று சென்னையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். "கோழி அப்புறம் வரட்டும் சார், உமி முதல்ல வரட்டும்" என்றார். வண்டி எடுக்கிறவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் தயவுசெய்து குறித்துக்கொள்ளட்டும்: பொன்னேரியிலே ஆலையில் நின்று, உலர்ந்த உமியாகப் பார்த்து ஏற்ற வேண்டும், மேலே தார்ப்பாய் போட்டுக் கட்ட வேண்டும், புரட்டாசி முடிவதற்குள் கொண்டு சேர்த்துவிட வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் அந்தக் கரையில் உலர்ந்த மூட்டை வைக்க இடமில்லை.